அடி விளிம்பில் நின்ற பெயர்கள்: தைமூர் குல வரலாற்றுச் சுவடியின் காலம்

பாட்னாவில் கங்கைக் கரையோரம் உள்ள குதா பக்‌ஷ் நூலகத்தில் பாரசீக மொழிச் சுவடி ஒன்று இருக்கிறது. ‘தாரீக்-இ-கான்தான்-இ-தைமூரியா’ என்று இன்று அதை வழங்குகிறார்கள். தைமூர் குலத்தின் வரலாறு என்பது பொருள். முந்நூறுக்கும் மேற்பட்ட ஏடுகளும் 130-க்கும் மேற்பட்ட ஓவியங்களும் கொண்ட இச்சுவடிக்கு வேறு படி கிடைக்கவில்லை. இயற்றியவர் பெயரும் தெரியவில்லை. எனவே இதன் காலத்தைக் கணிக்க நூலின் உரை மட்டும் போதாது.

இப்படி ஒரு நூல் அக்பர் அவையில் ஏன் தேவைப்பட்டது? அக்பரின் பாட்டனார் பாபர் தந்தை வழியில் தைமூரின் வழித்தோன்றல். 1526இல் பானிபட்டில் அவர் வென்ற ஆட்சியை மகன் ஹுமாயூன் 1540இல் ஷேர் ஷாவிடம் இழந்து, ஈரானில் அடைக்கலம் புகுந்தார். 1555இல் தில்லியை மீட்டவர் மறு ஆண்டே இறந்தார். கலாநௌரில் அரியணை ஏறியபோது அக்பருக்கு வயது 13. சித்தூர், குஜராத், வங்கம் என்று அடுத்த இருபது ஆண்டுகளில் அரசு விரிந்தபின், வாளால் பெற்றதற்கு வம்ச உரிமையும் உண்டென்று காட்ட வேண்டியிருந்தது. ஷரபுத்தீன் அலி யஸ்தி எழுதிய ‘ஸபர்நாமா’ தைமூரின் புகழைப் பாடும் நூல். இந்துஸ்தானத்தில் ஆண்ட வாரிசுகளின் கதை அதில் இல்லை. பாட்னா சுவடியோ தைமூர் முதல் அக்பர் வரை ஒரே இழையாகக் கோக்கிறது. அவை வரலாற்றாசிரியர் அபுல் பஸலின் ‘அக்பர்நாமா’ பிறக்கும் முன்பே அவையில் உருவான முயற்சி இது என்பதே என் கணிப்பு.

அதற்குச் சான்று சுவடிக்குள்ளேயே உண்டு. உரை அக்பரின் 22ஆம் ஆட்சியாண்டோடு, அதாவது 1577-78 அளவில் நிற்கிறது. அதற்கு முன் நூல் முடிந்திருக்க முடியாது. மறு எல்லையைத் தருபவர் ஓர் ஓவியர். அக்காலத்தில் ஒருவர் கோட்டுருவம் வரைவார், இன்னொருவர் வண்ணம் தீட்டுவார். முதல் வேலை ‘தர்ஹ்’, அடுத்தது ‘அமல்’. யார் எதைச் செய்தார் என்பதை எழுத்தர்கள் ஓவியத்தின் அடி விளிம்பில் சிறிய எழுத்தில் குறித்து வைத்தார்கள். அப்படிக் குறித்த பெயர்களில் ஒன்று தஸ்வந்த்.

பல்லக்குத் தூக்குவோர் குடும்பத்தில் பிறந்து, சுவர்களில் கிறுக்கித் திரிந்த சிறுவன் அவர். அக்பரின் கண்ணில் பட்டு, அவை ஓவியர் அப்துஸ் ஸமதிடம் பயிற்சி பெற்று, சில ஆண்டுகளில் தலைசிறந்த ஓவியராக உயர்ந்ததையும், சித்தம் கலங்கி 1584இல் தற்கொலை செய்துகொண்டதையும் அபுல் பஸல் பதிவு செய்திருக்கிறார். ஆகவே இச்சுவடியின் ஓவியப் பணி அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: அவர் விட்டுச் சென்ற கோட்டுருவத்துக்குப் பிறர் பின்னாளில் வண்ணம் தீட்டியிருக்கலாம். 1584 என்பது தொடக்கத்துக்கான எல்லையே தவிர, முடிவுக்கான எல்லை ஆகாது.

இன்னொரு சான்று ஷாஜஹானின் சொந்தக் கையெழுத்து. தைமூரின் வழித்தோன்றல்களையும் அக்பரின் 22ஆம் ஆண்டு வரையான செய்திகளையும் கொண்ட இந்நூல் தம் பாட்டனார் காலத்தில் எழுதப்பட்டது என்று அவர் குறித்திருக்கிறார். அக்பரை ‘ஷா பாபா’ என்று அன்போடு சுட்டுகிறார். 1628இல் முடிசூடிய அவர், தைமூருக்குரிய ‘சாஹிப் கிரான்’ பட்டத்தைத் தாமும் ஏற்று ‘இரண்டாம் சாஹிப் கிரான்’ ஆனவர். இந்தச் சுவடி அவருக்குக் குடும்பத்தின் உரிமைப் பத்திரம் போன்றது.

குதா பக்‌ஷ் நூலகம் 1891இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1969இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. இச்சுவடியை 2011இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இதன் ஓவியங்களை அச்சிடுவோருக்கு ஒரு வேண்டுகோள்: அடி விளிம்பை வெட்டிவிடாதீர்கள், தஸ்வந்தின் பெயர் அங்கேதான் இருக்கிறது.