அரங்கியல் பட்டப்படிப்பு: மலையக மாணவர் தவறவிடும் இரண்டாவது விண்ணப்பம்

நல்லதண்ணி என்றதும் வெளியூராருக்குச் சிவனொளிபாத மலைதான் நினைவுக்கு வரும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை யாத்திரிகர் கூட்டம் இருக்கும். அந்தப் பருவத்துக்குள் வரும் மாசி மாதத்தில்தான் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்தும் நடக்கிறது. ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன் என்று வேடம் கட்டி, தப்பு அடிக்கு ஆடிப் பழகிய பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். இவர்களில் உயர்தரம் எழுதியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நாடகத்தைப் பட்டமாகப் படிக்க முடியுமா?"

முடியும், தமிழிலேயே முடியும். அரச பல்கலைக்கழகம் என்பதால் கற்கைக் கட்டணமும் இல்லை. ஆனால் விண்ணப்பிக்கும் முறை தெரியாததால் வாய்ப்பை இழப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காகவே இந்தக் குறிப்பு.

எங்கே படிக்கலாம்?

மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இசை, நடனம், கட்புலக் கலை ஆகியவற்றோடு நாடகமும் அரங்கியலும் அங்கு தனிப் பட்டப்படிப்பாக உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பாடம் பல பத்தாண்டுகளாகப் படிப்பிக்கப்படுகிறது. கொழும்பில் உள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் பெரும்பாலும் சிங்கள மாணவருக்கானது.

நடிப்புக்கு ஒரு பட்டம், மேடை வடிவமைப்புக்கு வேறொரு பட்டம் என்ற பிரிப்பு நம் தமிழ்மொழிப் படிப்புகளில் இல்லை. நடிப்பு, நெறியாள்கை, ஒப்பனை, உடை, காட்சியமைப்பு, ஒளி எல்லாம் ஒரே படிப்புக்குள் வரும். தனித்தனியாகப் பிரிப்பதைப் பிரித்தானியா போன்ற நாடுகளில் காணலாம். அங்கே நடிப்புக்கு விண்ணப்பிப்பவர் மனனம் செய்த தனிமொழிகளை நடித்துக் காட்டுவார். வடிவமைப்புக்கு விண்ணப்பிப்பவர் தன் வரைபடங்களையும் மாதிரிகளையும் தொகுத்துக் காட்டுவார். புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகளைப் படிக்கவைப்போர் இந்த வேறுபாட்டை முதலிலேயே கவனிக்க வேண்டும்.

இரண்டு விண்ணப்பங்கள்

முதலாவது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் பொது விண்ணப்பம். உயர்தரப் பெறுபேறு வந்தபின் ஆணைக்குழு கைநூலை வெளியிடும். ஒரே தடவையில் மூன்று பாடங்களில் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி என்பன அடிப்படைத் தகுதி. அதன்பின் இசட் புள்ளி பார்க்கப்படும்.

இரண்டாவது, உளச்சார்புப் பரீட்சைக்கான விண்ணப்பம். அதை அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அறிவித்தல் பத்திரிகையிலும் பல்கலைக்கழக இணையத்தளத்திலும் வரும். பொது விண்ணப்பத்தை மட்டும் நிரப்பிவிட்டு வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருப்பவர், எவ்வளவு நல்ல பெறுபேறு இருந்தாலும், இந்தப் பரீட்சையில் சித்தியடையாமல் இப்படிப்புக்குள் போக முடியாது.

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. அது இல்லாத பாடசாலையில் படித்தவர்கள் தமக்கு வழியில்லை என்று தாமாகவே முடிவுசெய்துவிடக் கூடாது. ஒவ்வொரு படிப்புக்கும் எந்தப் பாடங்கள் தேவை என்பது அந்த ஆண்டுக் கைநூலில் எழுதப்பட்டிருக்கும். அண்ணன் அக்கா வைத்திருந்த பழைய கைநூலை நம்ப வேண்டாம்.

பரீட்சைக்கு என்ன கொண்டுபோவது?

இப்படியான தேர்வுகளில் பொதுவாகக் கவனிக்கப்படுவது குரல், உடல், கற்பனை, மற்றவரோடு சேர்ந்து இயங்கும் திறன் ஆகியவை. சினிமா வசனத்தை ஒப்புவிப்பதைவிட, உங்களுக்குக் கைவந்ததைச் செய்வது நல்லது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத்தின் கூத்துகள். அவற்றில் ஆடியிருந்தால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். வாத்தியாரிடம் அடவும் பாட்டும் பழகியது பயிற்சிதான். முடி கட்டியதும், அரிதாரம் பூசியதும், காமன் கம்பம் ஊன்றும் இடத்தை ஒழுங்குசெய்ததும் வடிவமைப்பு அனுபவம்தான். செய்தவற்றைப் படம் எடுத்து, என்ன பொருளால் எப்படிச் செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி ஒரு கொப்பியில் ஒட்டிவையுங்கள்.

கூத்துக்குப் பல்கலைக்கழகத்தில் மதிப்பில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அதில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' 1985இல், போருக்கு நடுவில், மேடையேறியது. வெளிப்படையாகப் பேச முடியாத துயரத்தைச் சனங்கள் கூடியிருந்து பார்க்க அரங்கு ஓர் இடம் கொடுத்தது. 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் வன்னிக்குப் போய் அங்கும் போரில் அகப்பட்ட மலையகக் குடும்பங்களின் கதையை மேடைக்குக் கொண்டுவர, லயத்தில் வளர்ந்த, அரங்கும் படித்த பிள்ளைகள் தேவை.

ஆவணங்கள்

தோட்டப் பகுதிகளில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்பது பழைய தலைவலி. விண்ணப்பம் வரும்வரை காத்திராமல் உயர்தரம் எழுதும் ஆண்டிலேயே இதைச் சரிபாருங்கள். பெயர் மாறியிருந்தால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி எழுதி வைத்துக்கொள்ளலாம், நிரந்தரத் திருத்தத்துக்குப் பிரதேச செயலகம் போக வேண்டும். இடப்பெயர்வில் சான்றிதழ்களை இழந்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம்.

பயணமும் செலவும்

நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியா, ஹட்டன், கண்டி வந்து, மகியங்கனை வழியாக மட்டக்களப்புக்குப் போக வேண்டும். அன்று காலையில் புறப்பட்டால் பரீட்சைக்குப் போய்ச் சேர முடியாது. முதல்நாளே போய்த் தங்க ஓர் ஏற்பாடு வேண்டும். வீட்டில் பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்குவார்கள், கூடப் போகும் அம்மாவுக்கோ அன்றைய நாட்சம்பளம் போய்விடும். ஆகவே திகதி வந்தவுடன் வீட்டில் பேசிவிடுங்கள். தெரிவானபின் மகாபொல அல்லது பல்கலைக்கழக உதவுதொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

படித்தபின் என்ன வேலை என்று பெற்றோர் கேட்பது நியாயம். பலர் நாடக ஆசிரியர்களாகிறார்கள். ஊடகம், சமூக நிறுவனங்கள், அரங்கக் குழுக்கள் என்றும் சிலர் போகிறார்கள். ஒரு நாடக ஆசிரியர் மஸ்கெலியாப் பக்கத்துப் பாடசாலைக்கு வந்துவிட்டால், அடுத்த முறை அங்கிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இந்த விபரங்களைச் சொல்ல ஆள் இருக்கும்.