மூளையும் மலையகமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

"நெஞ்சில் பதித்துக்கொள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதே பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தால் "நல்ல மூளை" என்கிறோம். அறிவின் இருப்பிடம் இதயமா, மூளையா என்ற பழைய வழக்கின் இரு கட்சிகளும் நமது பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கிரேக்கத்தில் தொடங்கிய இந்த வழக்கின் ஒரு கிளை நமது மலைநாட்டுத் தோட்டங்கள் வரை வந்திருக்கிறது.

இதயமே உணர்வின் மையம், அதன் சூட்டைத் தணிப்பதே மூளையின் வேலை என்றார் அரிஸ்டோட்டில். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் இதை மறுத்தார். பன்றியின் குரல்வளைக்குச் செல்லும் நரம்பைத் துண்டித்தபோது அது துடித்ததே தவிரக் கத்த முடியவில்லை. குரலை ஆள்வது மூளைதான் என்பதைப் பலர் முன்னிலையில் அவர் காட்டினார்.

இருவரையும் கற்றுத் தேர்ந்த இப்னு சீனா (980–1037) ஒரு சமரசம் கண்டார். வேர் இதயத்தில், வேலை மூளையில் என்பது அவரது முடிவு. மூளையின் உள்ளறைகளில் அவர் ஐந்து அகப்புலன்களை வகுத்தார். புலன்கள் கொண்டுவருவதை ஒன்றுசேர்ப்பதும் அதன் உருவத்தைக் காப்பதும் முன்னறை, சிந்திப்பதும் உய்த்துணர்வதும் நடுவறை, நினைவு பின்னறை. ஓநாயைக் கண்டதும் ஆடு அதன் பகையை உணர்கிறதே, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகையை அறிவது எது என்று அவர் கேட்டார். அறைகள் பற்றிய அவரது கணக்கு பிழையென்று பின்னர் தெரிந்தது. ஆனால் மூளையின் ஒரு பகுதி பழுதுபட்டால் அதற்குரிய ஆற்றல் குன்றும். உணவு, உறக்கம், நோய் யாவும் அறிவைப் பாதிக்கும். ஆகவே மருத்துவம் செய்யலாம் என்ற பார்வை அவருடைய 'கானூன்' நூலில் உண்டு. தட்பவெப்பத்தை வைத்து மக்களைத் தரம் பிரிக்கும் அக்காலக் கருத்துக்கு அவரும் விலக்கல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த அறிவு இலங்கைக்குப் புதிதல்ல. கண்டி மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்த கோபால பரம்பரையினர் முஸ்லிம்களே. அரிஸ்டோட்டில், கேலன் முதலானோரின் அரபு மொழிபெயர்ப்புகளை இத்தீவின் முஸ்லிம் ஆலிம்களும் வணிகர்களும் தம்மிடம் கொண்டுவந்து காட்டியதை, இங்கு பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் பதிவு செய்தார்.

ஐரோப்பாவிலோ 19ஆம் நூற்றாண்டில் கேள்வியே மாறிவிட்டது. மூளை எவ்வாறு இயங்குகிறது என்பது போய், யாருடைய மூளை பெரியது என்பது வந்தது. அமெரிக்காவில் சாமுவேல் மோர்ட்டன் மண்டையோடுகளில் விதைகளையும், பின்னர் ஈயக் குண்டுகளையும் நிரப்பி, கொள்ளளவை வைத்து இனங்களை வரிசைப்படுத்தினார். நமது வேடர்களின் மண்டையோடுகளும் ஜெர்மனிய, சுவிஸ் அறிஞர்களின் அளவுகோலுக்குத் தப்பவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தேர்ஸ்டன், அம்மாகாணத்துச் சாதியினரின் தலையையும் மூக்கையும் அளந்து ஏழு தொகுதிகள் வெளியிட்டார்.

அதே சென்னை மாகாணத்திலிருந்துதான் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கங்காணிமார் ஆள் சேர்த்தார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின் அந்த வரவு பெருகியது. தோட்டத்துத் தமிழன் மந்தமானவன், சோம்பேறி, படிப்பு ஏறாதவன் என்ற எண்ணம் துரைமாரிடையே பரவலாக இருந்தது. பிறவியிலேயே அமைந்த குறை என்று சொல்லிவிட்டால் கூலியைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

இந்த எண்ணத்துக்கு எதிரான சாட்சி மண்ணிலிருந்து வந்தது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. சோதிக்கப்பட்ட தொழிலாளரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோரின் குடலில் அந்தப் புழு இருந்தது. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும் புழு அது. இரத்தம் வற்றினால் கை கால் சோரும், கவனம் சிதறும், பிள்ளையின் படிப்பு பின்தங்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதற்குச் 'சோம்பல் கிருமி' என்றே பெயர் வழங்கியது. பழி மண்டையின் அளவில் இல்லை. மலசலகூடம் இல்லாத லயத்தில் இருந்தது.

தொழிலாளருக்கு மருந்து கொடுத்தார்கள். குமட்டும் செனப்போடியம் எண்ணெயைக் குடிக்க வைத்தார்கள். ஆனால் மலசலகூடம் கட்டச் செலவாகும் என்று தோட்ட நிர்வாகங்கள் பல தயங்கின. வெளியேறிய புழு அதே மண் வழியாக மீண்டும் உடலுக்குள் ஏறியது.

மண்டையோட்டு விஞ்ஞானம் இன்று செத்துவிட்டது. மூளையின் நரம்புகளுக்கு உறை அமையவே இரும்புச்சத்து வேண்டும் என்பதும், அதன் வளர்ச்சியில் பெரும்பங்கு முதல் சில ஆண்டுகளிலேயே நடந்துவிடுகிறது என்பதும் இப்போது தெரிந்த செய்திகள். ஆனால் 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் மட்டும் 32 சதவீதம்.

தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்பவர் இன்றும் இருக்கிறார். அவர் பார்க்க வேண்டியது பிள்ளையின் தலையை அல்ல, அதன் சாப்பாட்டுத் தட்டை.