வலிக்காது என்று சொன்ன காலம்



நம் தொழிலுக்குப் பூர்வீகம் கைதான். 1813-இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்றிக் லிங் தொடங்கிய உடற்பயிற்சி நிலையமும் சரி, 1894-இல் லண்டனில் நான்கு நர்ஸுகள் கூடி ஆரம்பித்த மசாஜ் சங்கமும் சரி, தொட்டுத்தான் வைத்தியம் பார்த்தன. மெஷின்கள் எல்லாம் அப்புறம் வந்தவை.

அந்தக் கை, ஆட்டிசம் உள்ளவர்களின் முதுகுவலிக்கும் கால்வலிக்கும் மட்டும் வெகுகாலம் எட்டவில்லை. 1943-இல் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியது முதல், பேச்செல்லாம் மனதைப் பற்றியே இருந்தது. உடம்பைப் பற்றிக் கேட்டால், "அவனுக்கு வலி உறைக்காது சார்" என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013-ஆம் ஆண்டுக் கையேட்டிலும் அந்த அடையாளம் உண்டு. ஆனால் வலியைப் பொருட்படுத்தாதது போல் 'தோன்றுவது' என்று எழுதினார்களே, அது மட்டும் ஆறுதல்!

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் டெம்பிள் கிராண்டின். ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பெண்மணி. சிறுவயதில் யாராவது கட்டியணைத்தால் விலகி ஓடுவார். ஆனால் அழுத்தத்துக்கு உடம்பு ஏங்கும். அரிசோனாவில் அத்தையின் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாடுகளை இரு பக்கமும் பலகையால் அணைத்து நிறுத்துவதைப் பார்த்தார். சில மாடுகள் அதற்குள் சாந்தமாகிவிட்டன. 18 வயதில் தமக்கே அப்படியொன்று செய்துகொண்டார். அதன் நெம்புகோல் அவர் கையில் இருந்தது என்பதுதான் விசேஷம். எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது, எல்லாம் அவர் இஷ்டம். 1992-இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார்.

வலி விஷயம் இன்னும் தாமதமாகத்தான் வெளுத்தது. 2004-இல் கனடாவில் ஆட்டிசக் குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கும்போது முகத்தைக் கவனித்தார்கள். வலி நன்றாகவே தெரிந்தது. பெற்றோர் சொன்ன அளவுதான் அதோடு ஒத்துப்போகவில்லை. 2009-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், அசையாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பலர். ஆனால் ஊசி குத்தியபோது இதயத்துடிப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக எகிறியது. வலி இருந்தது, நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இவர்களில் பலருக்கு மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும். நுனிக்காலில் நடப்பவர்களுக்குக் கெண்டைக்கால் தசை இறுகும். வேலை நமக்கு நிறையவே இருக்கிறது. பூப்போல் வருடினால் துள்ளுகிறவர் அழுத்திப் பிடித்தால் அமைதியாகலாம். எல்லாரும் அப்படி என்றும் சொல்ல முடியாது. மசாஜ் செய்தால் ஆட்டிசமே போய்விடும் என்று யாராவது விளம்பரம் போட்டால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது கிளினிக்கில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. "வலிக்குதா?" என்று ஒரே கேள்வியோடு விட்டுவிடாதீர்கள். எங்கே தொடப்போகிறோம் என்று முதலில் சொல்லுங்கள், உங்கள் கையிலேயே செய்து காட்டுங்கள். பேசாத பிள்ளையானால் நிறுத்தச் சொல்ல ஒரு சைகை பேசி வையுங்கள். அவர் சைகை காட்டியதும், பாதி மசாஜ் ஆனாலும், கையை எடுத்துவிடுங்கள்.