மலையில் சோதிக்கப்பட்ட டர்போ மறைமலைநகருக்கு வந்த கதை

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதி கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளி. மலைப்பாதையே இல்லாத இந்தப் பகுதியில், மலை உச்சியில் சோதிக்கப்பட்ட ஒரு கருவி பொருத்திய கார்கள் தயாரானது எப்படி? அந்தக் கருவிதான் டர்போ சார்ஜர்.

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். மாமல்லபுரம் கடற்கரையில் அதற்குப் பஞ்சமில்லை. மேலே போகப் போக காற்று மெலிந்துவிடும். சாதாரண என்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீத சக்தியை இழக்கும். லடாக்கில் 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கும் கார்துங் லா கணவாயில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். 100 குதிரைத்திறன் கார் அங்கே கிட்டத்தட்ட பாதி குதிரைகளோடுதான் ஏற வேண்டும்!

இதற்கு வழி சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கியின் 1905-ஆம் ஆண்டு காப்புரிமையில் இருந்தது. வீணாகப் போகும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் விசையால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்புவதே அந்த யோசனை. முதல் உலகப் போரில் விமானங்கள் உயரத்தில் திணறியபோது அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ் இதைக் கையில் எடுத்தார். 1918-ல் 350 குதிரைத்திறன் கொண்ட லிபர்ட்டி விமான என்ஜினை, சுமார் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். டர்போ இல்லாமல் கிடைத்தது 230. டர்போவுடன் 356!

1962-ல் அமெரிக்கக் கார்களுக்கும் டர்போ வந்தது. பிற்காலத்தில் ஐரோப்பாவின் புகைக் கட்டுப்பாடுகள் சின்ன என்ஜினில் டர்போ வைக்கும் வழக்கத்தைப் பரப்பின. இந்தியாவில் அதற்குத் துணை நின்றது வரி. 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2013-ல் ஃபோர்டின் மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்த ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர். அதன் டர்போ பெட்ரோல் என்ஜின் 999 சிசி, 125 குதிரைத்திறன். வரம்புக்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது.

இப்படிப்பட்ட கார் மலையில் எப்படி ஓடும்? டர்போ வேகமாகச் சுழன்று, இழந்த சக்தியில் பெரும்பகுதியை மீட்டுத் தரும். ஆனால் அது வேகம் பிடிக்கும் வரை, மெல்லிய காற்றில் திணறும் ஒரு சின்ன என்ஜின்தான் வண்டியை இழுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது இது நன்றாகத் தெரியும். சுழலும் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதால், மிக உயரத்தில் முழு சக்தியை எதிர்பார்க்க முடியாது.

மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தி 2022-ல் நின்றது. அந்த வரிக்கோடு மட்டும் நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் மாறிய ஜிஎஸ்டியிலும் அதே 4 மீட்டர், அதே 1,200 சிசிதான். வரம்புக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. மலையை ஒருநாளும் பார்க்காத கார்களிலும் டர்போ இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.