கடப்பாரை இறங்கும் முன்

டிபுல்லஸ் என்பவர் கிராட்டஸுக்கு 105 தினாரியஸ் தர வேண்டும். வாங்கிய சரக்குக்கான பாக்கி. எழுதிய தேதி கி.பி. 57, ஜனவரி 8. லண்டன் பிறந்து பத்து வருடம் ஆகியிருந்தால் அதிகம்.

பிரிட்டனில் கிடைத்த தேதியிட்ட கையெழுத்து ஆவணங்களில் இதுதான் மிகப் பழையது. ப்ளூம்பெர்க் நிறுவனம் லண்டனில் தலைமையகம் கட்டும் முன் நடந்த அகழாய்வில் இப்படி 405 எழுத்துப் பலகைகள் கிடைத்தன. மேலே பூசிய மெழுகு போய்விட்டது. எழுத்தாணி மரத்தில் போட்ட கீறல்தான் மிச்சம். வால்புரூக் ஓடையின் ஈரச்சேறு காற்று புகாமல் அதைக் காத்திருக்கிறது.

இதே மனையில் 1954-லும் ஒரு கட்டடம் எழும்பியது. போரில் குண்டு விழுந்த இடம். கிரைம்ஸ் என்ற தொல்லியலாளர் தோண்டியபோது ரோமானியர்களின் மித்ரஸ் கோயில் வெளிவந்தது. தெய்வத்தின் பளிங்குத் தலை கிடைத்த செப்டம்பர் 18, அகழாய்வுக்குக் குறித்திருந்த கடைசி நாள். சுமார் நாலு லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். சர்ச்சிலின் அமைச்சரவை வரை பேச்சு போனது. கடைசியில் என்ன ஆச்சு? கட்டடம் வந்தது. கோயில் கற்களைப் பெயர்த்து, 1962-ல் சுமார் 100 மீட்டர் தள்ளி சிமெண்ட் பூசி அடுக்கினார்கள்.

மென்பொருள் வேலையில் இது எங்களுக்குப் பழகிய கதை. வெளியீட்டுக்கு முந்தின நாள் சிக்கும் பிழையை யாரும் திருத்த மாட்டார்கள். ‘தெரிந்த பிழை’ என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

1989-ல் மறுபடியும் அதே கதை. 1587-ல் கட்டிய ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் ஓர் அலுவலகக் கட்டுமானத்தின் நடுவே வெளிப்பட்டது. நடிகர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்து அரசு ‘பிபிஜி 16’ என்ற திட்டமிடல் வழிகாட்டியை வெளியிட்டது. சாரம் எளிது: முதலில் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் புரட்டு. சந்தேகம் வந்தால் சோதனைக் குழி போடு. அப்புறம்தான் கட்டட அனுமதி. செலவு கட்டுபவருடையது.

மதிப்பீடு செய்தாலே எல்லாம் பிழைத்துவிடும் என்று அர்த்தமில்லை. அகழ்வதும் ஒருவகை அழிப்புதான். எடுத்த மண்ணடுக்கைத் திரும்ப வைக்க முடியாது. ப்ளூம்பெர்க் மனையிலும் தோண்டிய சேறு போய்விட்டது, பதிவு இருக்கிறது. ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழப்பதற்கும், தெரியாமலே இழப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

1954-ல் அந்தக் கூட்டம் கோயிலைப் பார்த்து நின்றபோது, டிபுல்லஸின் கடன் பத்திரமும் அதே மனையின் சேற்றில்தான் கிடந்தது. வந்தவர்களுக்கு அக்கறை இருந்தது. ஆனால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.