ஆட்டிசம்
கூட்டத்தில் ஒதுங்கி நிற்பவரை ‘ஆட்டிசம் கேஸ்’ என்று கேலி செய்வது சகஜமாகிவிட்டது. கிரேக்கத்தில் ‘ஆட்டோஸ்’ என்றால் ‘தான்’. தெருவில் ஓடும் ஆட்டோவுக்கும் அதுவே வேர். சுவிஸ் மருத்துவர் பிளாய்லர் 1911இல் வந்த தம் நூலில், மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள் ஒடுங்குவதைத்தான் ‘ஆட்டிசம்’ என்றார். 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் அச்சொல்லைக் குழந்தைகளின் தனி நிலை ஒன்றுக்கு மாற்றினார். பின்னர், தாய்க்குப் பாசம் போதாததே காரணம் என்ற பொய்ப் பழி பல குடும்பங்களை வதைத்தது. தமிழில் இந்நிலையை ‘மதியிறுக்கம்’ என்றும், இதை உடையோரைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றும் சொல்கிறோம். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும், ஆட்டிசம் உள்ள என் அண்ணன் மகனுக்குப் புற உலகம் அளவுக்கு மீறியல்லவா உறைக்கிறது! அவனுக்காகப் படிக்கப் போய்த்தான், கல்யாண வீடுகளில் மாடிக்கு ஓடி அப்பாவிடம் அடி வாங்கிய என்னையும் புரிந்துகொண்டேன். இறுகியது எங்கள் மதியல்ல. நல்ல தமிழ்ச்சொல் அமையும்வரை ‘ஆட்டிசம்’ என்றே எழுதுவேன்.