அடுத்த வருடம் வாருங்கள்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கரையில் இருக்கிறது சான் குவென்டின் சிறை. 1957 நவம்பர் 19 அன்று அங்கே சுமார் 1400 கைதிகள் முன்னால் சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நடந்தது. நாடகத்தில் பெண் பாத்திரம் கிடையாது; அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணமே அதுதான். முந்தைய ஆண்டு மியாமியில் வேறொரு குழு போட்டபோது கனவான்கள் பாதியில் எழுந்து போயிருந்தார்கள். சிறையில் என்ன ஆகுமோ என்று நடிகர்களுக்கு உள்ளூர உதறல். இயக்குநர் ஹெர்பர்ட் பிளௌ மேடைக்கு வந்து, ஜாஸ் இசையைக் கேட்பதுபோல் கேளுங்கள், கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கைதிகள் கடைசிவரை ஆடாமல் அசையாமல் பார்த்தார்கள். நாடக விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் அபத்த நாடகம் பற்றிய தன் நூலை இந்த நிகழ்ச்சியில்தான் தொடங்குகிறார்.

கைதிகளுக்கு மட்டும் எப்படிப் புரிந்தது? அன்றைய கலிபோர்னியாவின் சட்டத்தில் இதற்கு விடை இருப்பதாக நான் நம்புகிறேன். 1917 முதல் 1970களின் நடுப்பகுதிவரை அங்கே பெரும்பாலான குற்றங்களுக்கு நீதிபதி இத்தனை ஆண்டு என்று தீர்மானமாகச் சொல்வதில்லை. ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்தவனுக்கு ஐந்து ஆண்டு முதல் ஆயுள்வரை. எப்போது வெளியே விடுவது என்பது ஒரு வாரியத்தின் கையில். கைதி போய் நிற்பான். வாரியம் 'இல்லை' என்றால், மறுபடி அடுத்த வருடம்தான். நம்பிக்கையை முழுசாகப் பறிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது தண்டனையிலேயே கொடிய வகை.

சிறைக்கு வெளியேயும் அதைப் பார்த்திருக்கிறேன். என் அப்பா ஓய்வூதிய பாக்கிக்காக ஓர் அலுவலகத்துக்கு வருடக்கணக்காக நடந்தார். மஞ்சள் பையில் மனுவின் நகல்கள், பணிப்பதிவேட்டின் ஜெராக்ஸ். உள்ளிருந்து ஒரு பையன் வந்து, "சார் இன்னைக்கு லீவு, நாளைக்கு வாங்க ஐயா" என்பான். அடுத்த முறை வேறு பையன்; அவனுக்கு அப்பா யாரென்றே தெரியாது. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

பெக்கெட்டின் நாடகத்திலும் ஒரு சிறுவன் வருகிறான். கோடோ இன்று வரமாட்டார், நாளை நிச்சயம் வருவார் என்கிறான். இரண்டாம் அங்கத்தில் மறுபடி வந்து, நேற்று வந்தது நானில்லை என்கிறான். கோடோ கடவுளா, மரணமா என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு நாடகத்தின் உயிர் அந்தச் சிறுவனிடம்தான். கோடோவுக்காகக் காத்திருப்பவர்களில் ஒருவனான விளாதிமிர் அவன்மேல் எரிந்து விழுவதோடு நிற்கவில்லை. உன்னை அடிக்கிறாரா, வயிறாரச் சாப்பாடு போடுகிறாரா என்றும் விசாரிக்கிறான். அப்பாவும் அந்தப் பையனிடம் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார். அலைக்கழிக்கப்பட்ட மனிதன் அலைக்கழிப்பின் கடைசிக் கண்ணியைப் பகையாகப் பார்க்க மறுக்கிறான். இதைவிடப் பெரிய அர்த்தம் எனக்குத் தேவைப்படவில்லை.

அன்று சான் குவென்டினில் ரிக் குளூச்சி என்ற ஆயுள் கைதிக்கு அரங்குக்குப் போக அனுமதி இல்லை. கொட்டடியில் ஒலிபெருக்கி வழியாகத்தான் கேட்டார். அந்தக் குரல்கள் போதுமானதாக இருந்தன. சில ஆண்டுகளில் சக கைதிகளோடு சிறைக்குள்ளேயே நாடகக் குழு தொடங்கி, பெக்கெட்டின் நாடகங்களைப் போட்டார். 1966இல் ஆளுநர் தண்டனையைக் குறைக்க, வெளியே வந்தார். பின்னர் பெர்லினில் பெக்கெட்டுக்கு உதவியாளராக இருந்தார்; 1977இல் 'கிராப்பின் கடைசி ஒலிநாடா'வில் பெக்கெட்டே அவரை இயக்கினார்.